தனிமைக் குடிலா, ஆய்வகமா, துப்புரவுத் துறையா?

நகரத்தில் மிஞ்சியிருக்கும் இயற்கை, அங்கே வாழ்பவர்களின் பண்பாடு, எல்லாவற்றுக்குள்ளும் புகுந்துவிட்ட டிஜிட்டல் மாற்றம். இந்த மூன்றையும் சேர்த்து வேலை செய்ய நினைக்கும் கலைஞர்களுக்கு ரெசிடென்சி, அதாவது ஓரிடத்தில் சில காலம் இருந்து வேலை செய்யும் வாய்ப்பு பற்றிய அறிவிப்புகளுக்கு இப்போது பஞ்சமில்லை. படித்தால் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். தங்க இடம், ஒரு ஸ்டூடியோ, கொஞ்சம் உதவித்தொகை, கடைசியில் ஒரு கண்காட்சி. உள்ளே போனால்தான் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத உலகங்கள் என்று தெரியும்.

பழைய வகை, ஒதுங்கி இருக்கும் குடில். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் 1907இல் தொடங்கிய மெக்டவல் இதற்கு நல்ல உதாரணம். காட்டுக்குள் தனித்தனி ஸ்டூடியோக்கள். மதியச் சாப்பாட்டைக் கூடையில் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள், கதவைத் தட்ட மாட்டார்கள். பாதியில் நிற்கும் ஒரு வேலையை முடிக்க இதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் நகரத்தைப் பற்றிய வேலையைத் தொடங்கவே இங்கே போவது வீண். கேள்வி கேட்க வேண்டிய ஆட்கள் எல்லாரும் நகரத்தில் இருக்கிறார்கள்.

அடுத்தது ஆய்வக வகை. 1966 அக்டோபரில் நியூயார்க்கில் ஒன்பது மாலைகள் நடந்த நிகழ்ச்சியில் பத்துக் கலைஞர்களும் தொலைபேசி நிறுவனத்தின் ஆய்வுக்கூடமான பெல் ஆய்வகத்தின் பொறியாளர்கள் சுமார் முப்பது பேரும் சேர்ந்து உழைத்தார்கள். அது ரெசிடென்சி இல்லைதான், ஆனால் இந்த வகைக்கு அதுதான் தாய். அதில் ஓவியர் ராபர்ட் ராஷன்பெர்க் செய்ததைப் பாருங்கள். டென்னிஸ் மட்டையின் கைப்பிடிக்குள் சின்ன ஒலிபரப்பி. பந்து மட்டையில் படும்போதெல்லாம் அரங்கம் முழுக்கச் சத்தம் அதிரும், மேலே ஒரு விளக்கு அணையும். ஆட ஆட இருட்டிக்கொண்டே வரும். அந்த மட்டையைக் கலைஞர் தனியாகச் செய்திருக்க முடியாது, பொறியாளருக்கு அப்படி ஒரு மட்டை தேவைப்பட்டிருக்காது. ஆய்வக ரெசிடென்சியின் பலம் அங்கேதான் இருக்கிறது. ஜெனீவா அருகே உள்ள துகள் இயற்பியல் ஆய்வு மையமான செர்ன் இன்று நடத்தும் கலைத் திட்டமும் விஞ்ஞானிகளோடு உட்கார்ந்து பேசும் அதே வாய்ப்பைத் தருகிறது.

சரி, நகரத்து இயற்கைக்கு இது போதுமா? எனக்கு இங்கே ஒரு தயக்கம் உண்டு. ஆய்வகத்துக்குள் வந்ததும் மரம் ஒரு எண்ணாகிவிடுகிறது. வெப்பநிலை, ஈரப்பதம், நிழலின் பரப்பு எல்லாம் சென்சாரில் வரும். அந்த நிழலில் தினமும் மதியம் தூங்குகிற ஆள் அதில் வரமாட்டார். கருவியைக் கற்றுக்கொள்வதிலேயே பாதிக் காலம் போய்விடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

மூன்றாவது வகை, நகரத்தின் அன்றாட வேலைக்குள்ளேயே போய் உட்காருவது. என் மனம் சாய்வது இந்தப் பக்கம்தான். மீர்லே லேடர்மன் யூகெலிஸ் 1977 முதல் நியூயார்க் துப்புரவுத் துறையின் கலைஞர். சம்பளம் கிடையாது. 1979–80இல் கிட்டத்தட்ட ஒரு வருஷம் நகரம் முழுக்கச் சுற்றி, சுமார் 8,500 துப்புரவுத் தொழிலாளர்களுக்கு ஒவ்வொருவராகக் கைகொடுத்து, நியூயார்க்கை உயிரோடு வைத்திருப்பதற்கு நன்றி சொன்னார். எவ்வளவு எளிமையான செயல்! ஆனால் வெளியிலிருந்து வருகிற ஒருவரால் அத்தனை பேரையும் அவர்கள் வேலை செய்யும் இடத்திலேயே போய்ப் பார்த்திருக்க முடியாது. துறைக்குள் ஒரு நாற்காலி இருந்ததால்தான் முடிந்தது.

சான் பிரான்சிஸ்கோவில் இன்னொரு மாதிரி. ஜோ ஹான்சன் என்ற கலைஞர் தன் வீட்டு முன்னால் காற்றில் வந்து சேரும் குப்பையைத் தினமும் பெருக்கி, அதைச் சேர்த்து வைத்து ஆராய ஆரம்பித்தார். அந்தத் துடைப்பத்திலிருந்து வளர்ந்ததுதான் நகரத்தின் குப்பையை அள்ளும் ரீகாலஜி நிறுவனத்தின் குப்பைக்கிடங்கு ரெசிடென்சி. 1990 முதல் நடக்கிறது. பொருள் எல்லாம் கிடங்கிலிருந்தே பொறுக்கி எடுக்க வேண்டும். உதவித்தொகையும் ஸ்டூடியோவும் உண்டு. கையால் செய்பவர்களுக்கு அருமையான இடம். தரவையும் மென்பொருளையும் வைத்து வேலை செய்பவர்களுக்கு இடுக்கமாக இருக்கும்.

இந்த வகையிலேயே மிகத் தெளிவாக யோசித்தவர்கள் என்றால் 1966இல் லண்டனில் பார்பரா ஸ்டெவெனியும் ஜான் லேதமும் தொடங்கிய ஆர்ட்டிஸ்ட் பிளேஸ்மென்ட் குழுவினர். சூழலே பாதிப் படைப்பு என்பது அவர்கள் கொள்கை. கலைஞரைத் தொழிற்சாலைக்கும் அரசுத் துறைக்கும் அனுப்பினார்கள். ஊதியம் அந்த நிறுவனமே தர வேண்டும், ஆனால் என்ன செய்து தருவாய் என்று முன்கூட்டியே கேட்கக் கூடாது. நியூயார்க் நகராட்சி 2015இல் தொடங்கிய திட்டத்திலும் கலைஞர் துறையோடு பழகி ஆராய்ந்த பிறகுதான் தன் யோசனையை முன்வைக்கிறார். அறிவிப்பைப் படிக்கும்போது நான் முதலில் தேடுவது இந்த ஒரு விஷயத்தைத்தான். விண்ணப்பத்திலேயே முடிவைக் கேட்கிறவர்கள், அங்கே போய்த் தெரிந்துகொள்வதற்கு இடமே வைப்பதில்லை.

டிஜிட்டல் மாற்றத்துக்கு ஆய்வகம்தானே சரி என்று கேட்கலாம். ஆனால் நகரத்தில் அந்த மாற்றம் நடக்கும் இடம் குப்பை லாரியின் ஜிபிஎஸ், தண்ணீர் மீட்டர், எந்த மரத்தை வெட்டலாம் என்று குறித்து வைத்திருக்கும் பட்டியல். லாரி போக வேண்டிய வழியைத் திரை சொல்லும்போது, பல வருஷமாக அந்தத் தெருவை அறிந்த ஓட்டுநர் என்ன நினைக்கிறார் என்பதைப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தால்தான் கேட்க முடியும்.

தொல்லைகளும் இருக்கின்றன. கதவைத் திறந்துவிட்ட அதிகாரி மாற்றலாகிப் போனால் எல்லாம் நின்றுவிடும். தரவு வேண்டுமென்றால் அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டும். துறைக்கு நல்ல பெயர் வாங்கித் தரும் விளம்பரமாக வேலை மாறிவிடும் அபாயமும் உண்டு, அதை எழுத்திலேயே பேசி வைத்துக்கொள்வது நல்லது. முழுக்க இணையத்தில் நடக்கும் ரெசிடென்சிகளை இந்தத் தலைப்புக்கு நான் சேர்க்கவில்லை. ஊரைவிட்டு நகர முடியாதவர்கள் தங்கள் நகரத்தையே எடுத்துக்கொள்வதாக இருந்தால் மட்டும் அவை உதவும்.

காலத்தையும் பாருங்கள். நியூயார்க்கின் ஃபிரெஷ் கில்ஸ் குப்பைமேடு 1948இல் தொடங்கி 2001இல் மூடப்பட்டது. சுமார் 2,200 ஏக்கர். இப்போது அது கொஞ்சம் கொஞ்சமாகப் பூங்காவாகிக்கொண்டிருக்கிறது. யூகெலிஸ் அந்த மண்ணுக்காகப் பல பத்தாண்டுகளாக வேலை செய்துவருகிறார். மூன்று மாத ரெசிடென்சி ஒன்றுக்கு விண்ணப்பிக்கிறீர்கள் என்றால் முதலில் ஒரு மெயில் போட்டுக் கேளுங்கள். காலம் முடிந்த பிறகும் நான் அந்த இடத்துக்கு வந்து போகலாமா? அங்கே என்னோடு பேசப் போகிற ஆள் யார்?