டிராவல் டிரெய்லரின் வெளித்துளைகளுக்கான பூச்சி வலைகள்: மூன்று ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

கேம்கோ நிறுவனம் விற்கும் பறக்கும் பூச்சி வலைகளை எங்கள் 24 அடி டிராவல் டிரெய்லரில் (காரின் பின்னால் இழுத்துச் செல்லும் வீட்டு வண்டி) மூன்று ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். வாயுவை எரித்து வண்டிக்குள் சூடேற்றும் ஃபர்னஸின் புகைத்துளைக்கு ஒன்று, வாட்டர் ஹீட்டரின் கதவுக்கு ஒன்று, ஃபிரிட்ஜின் கீழ்க் காற்றுத்துளைக்கு ஒரு தொகுதி என்று மூன்றையும் தனித்தனியாகத்தான் வாங்க வேண்டியிருந்தது. எல்லாம் சேர்ந்து 60 டாலருக்குள் முடிந்தது. ஒரே கம்பெனியின் ஒரே வகைப் பொருள் என்றாலும், மூன்று இடங்களிலும் அது ஒரே மாதிரி பயன்படவில்லை. ஓர் இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம், ஓர் இடத்தில் அதைவிட மலிவான வழி இருக்கிறது, ஓர் இடத்திலோ கவனக்குறைவாகப் பயன்படுத்தினால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் விரிவாக எழுதுகிறேன்.

வாங்கத் தூண்டிய காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆஸ்டினில் வசிக்கும் எங்களுக்கு ஆண்டில் பத்து மாதங்கள் குளிரூட்டிதான் தேவை. ஃபர்னஸ் என்று ஒன்று வண்டியில் இருப்பதே பல நேரம் நினைவில் இருக்காது. ஒரு ஜனவரி மாதம், மெக்டொனால்ட் வானாய்வகத்தில் பிள்ளைகளுக்கு நட்சத்திரங்களைக் காட்டலாம் என்று மேற்கு டெக்சாஸுக்குப் போய், டேவிஸ் மவுண்டன்ஸ் மாநிலப் பூங்காவில் வண்டியை நிறுத்தினோம். ஏறத்தாழ 5,000 அடி உயரத்தில் இருக்கும் அந்தப் பகுதியில் சூரியன் மறைந்ததும் குளிர் சடசடவென்று இறங்கிவிடும். தெர்மோஸ்டாட்டைத் திருப்பியதும் மின்விசிறி ஓடியது. ஆனால் தீப்பற்றும் ஓசையே கேட்கவில்லை. மூன்று முறை முயன்றும் குளிர்ந்த காற்றுதான் வந்தது. பக்கத்து இடத்தில் தங்கியிருந்த முதிய தம்பதியர் தங்களிடம் கூடுதலாக இருந்த மின் ஹீட்டரைக் கொடுத்திராவிட்டால், இரண்டு பிள்ளைகளோடு அந்த இரவைக் கழித்திருக்க முடியாது.

ஊர் திரும்பிய பின் பழுதுபார்ப்பவர் ஃபர்னஸைக் கழற்றிக் காட்டியபோதுதான் விஷயம் புரிந்தது. எரிதலுக்கான காற்றைத் தள்ளும் சிறு சக்கரத்தின் இதழ்களுக்கு நடுவே, கட்டை விரல் பருமனுக்கு ஒரு மண்கூடு இறுகிப் போயிருந்தது. இந்த ஃபர்னஸ்களில் செயில் ஸ்விட்ச் என்று ஒரு மெல்லிய தகடு உண்டு. மின்விசிறி தள்ளும் காற்று அந்தத் தகட்டைப் போதிய விசையோடு சாய்த்தால்தான் மின்சுற்று இணையும்; விசிறியையும் அந்தச் சிறு சக்கரத்தையும் ஒரே மோட்டார்தான் சுற்றுகிறது, ஒன்று இறுகினால் மற்றதன் வேகமும் குறையும். அதன் பிறகே எரிவாயுவான புரோப்பேனின் வால்வு திறந்து பொறி பறக்கும். காற்று குறைந்தால் தீ மூட்டாதே என்பதற்காக வைத்த பாதுகாப்பு அது. எங்கள் வண்டியில் அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. கூட்டை எடுத்துச் சுத்தம் செய்ய 280 டாலர் ஆனது. கழற்றுவதற்கு ஆன நேரமே கூலியில் பெரும்பகுதி என்பதால் அதில் எனக்குக் குறையில்லை.

அந்த மண்கூட்டைக் கையில் வாங்கிப் பார்த்ததும் எங்கள் ஊர் வீட்டுத் திண்ணைதான் நினைவுக்கு வந்தது. சுவரில் குளவி கூடு கட்டினால் அந்த வீட்டில் குழந்தை பிறக்கும் என்று சொல்லி, அதைக் கலைக்க ஆச்சி யாரையும் விடமாட்டார். டெக்சாஸில் இருப்பது வேறு இனம்; கறுப்பும் மஞ்சளுமாக, ஊசி போன்ற இடையோடு, ஓர் அங்குல நீளம் இருக்கும் மண்குளவி. ஆனால் வேலை அதேதான்: ஈர மண்ணை உருட்டி வந்து அறை அறையாகக் கட்டும், ஒவ்வோர் அறையிலும் சிலந்திகளைக் கொட்டி மரத்துப்போகச் செய்து அடுக்கி, ஒரு முட்டை இட்டு மூடிவிடும். மழை படாத, ஆட்கள் நடமாடாத பொந்து எதுவானாலும் அதற்குச் சம்மதம். நிறுத்துமிடத்தில் மாதக்கணக்கில் அசையாமல் நிற்கும் டிரெய்லரின் புகைத்துளையைவிடப் பொருத்தமான பொந்து வேறு எது?

இதைச் சிறிய தொல்லை என்று எண்ணிவிடக் கூடாது. 1996 பிப்ரவரி 6 அன்று டொமினிகன் குடியரசின் புவெர்ட்டோ பிளாட்டாவிலிருந்து புறப்பட்ட பிர்கன்ஏர் நிறுவனத்தின் போயிங் 757 கடலில் விழுந்து 189 பேர் இறந்தார்கள். வேகத்தை அளக்கும் பிட்டோ குழாய் அடைபட்டிருந்தது; உறையிடாமல் விமானம் தரையில் நின்றிருந்த நாட்களில் மண்குளவி அதில் கூடு கட்டியிருக்க வேண்டும் என்பதே விசாரணையாளர்களின் கணிப்பு. நிற்கும் வாகனம், திறந்த துளை, சில நாட்கள் என்ற மூன்று மட்டுமே அந்தப் பூச்சிக்குப் போதுமானவை. என் வண்டியிலும் இவை மூன்றும் இருந்தன.

இனி வலைகளுக்கு வருகிறேன். எல்லாமே துருப்பிடிக்காத எஃகுக் கம்பியில் நெய்தவை. துளையின் வடிவத்துக்கு ஏற்பக் கிண்ணம்போல் அழுத்தி வடித்திருக்கிறார்கள். சிறு ஸ்பிரிங்குகளால் கிரில்லோடு இழுத்துப் பிடித்து நிற்கும். திருகாணியும் பசையும் வேண்டாம், சுவரில் துளையிடவும் வேண்டாம். முதல் முறை மாட்ட எனக்கு அரை மணி நேரம் பிடித்தது, இப்போது ஐந்து நிமிடம் போதும். மூன்று கோடையும் மூன்று மழைக்காலமும் கடந்த பிறகும் கம்பியில் துரு இல்லை. இதற்கு நடுவில் இணையத்தில் பாதி விலைக்குக் கிடைத்த, பெயர் தெரியாத ஒரு தொகுதியையும் வாங்கிப் பார்த்தேன். ஆறே மாதத்தில் அதன் ஸ்பிரிங் துருப்பிடித்து, வெள்ளைச் சுவரில் காவி நிறக் கோடு இறங்கிவிட்டது. அந்தக் கோடு இன்னும் முழுமையாகப் போகவில்லை. மலிவு என்று சாதாரண ஜன்னல் கொசுவலையை வெட்டி ஃபர்னஸ் துளையில் ஒட்டுபவர்களையும் பார்த்திருக்கிறேன். ஃபைபர் கிளாஸ் வலையானால் புகையின் சூட்டில் உருகிப்போகும். எஃகு வலையானாலும் அதன் கண்கள் அளவுக்கு மீறிச் சிறியவை. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

வாட்டர் ஹீட்டருக்கான வலையை நான் எந்தத் தயக்கமும் இல்லாமல் பரிந்துரைக்கிறேன். அதன் கதவைத் திறந்தால் எரிகுழாயும் தீக்கண்ணும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால், வலையைக் கழற்றிப் பார்ப்பதும் துடைப்பதும் எளிது. இங்கே முக்கிய எதிரி குளவியைவிடச் சிலந்தி. எரிகுழாய்க்குள் ஒரே ஒரு நூல்கூடு இருந்தாலும் காற்றும் வாயுவும் சரியாகக் கலக்காமல், நீலமாக எரிய வேண்டிய சுடர் மஞ்சளாக ஆடும், கதவில் கரி படியும். கசிவு தெரிய வேண்டும் என்பதற்காகப் புரோப்பேனில் சேர்க்கும் மெர்கேப்டன் வாடை சிலந்திகளை இழுக்கிறது என்று பழுதுபார்ப்பவர்கள் சொல்வார்கள். எரிபொருள் குழாய்களைச் சிலந்திகள் தேடிப் போவதற்கு வேறு சான்றும் உண்டு: 2011-இல் மாஸ்டா நிறுவனம் ஆயிரக்கணக்கான மாஸ்டா 6 கார்களைத் திரும்ப அழைத்ததற்கு, பெட்ரோல் ஆவிக் குழாயில் மஞ்சள் பைச்சிலந்தி கட்டிய வலைதான் காரணம். இந்த வலைத்தடுப்பின் கண்கள் குளவியைத் தடுக்கும். குஞ்சுச் சிலந்தியைத் தடுக்கா. பறக்கும் பூச்சி வலை என்றுதான் பெயரே வைத்திருக்கிறார்கள், அதற்கு மேல் அவர்கள் வாக்குக் கொடுக்கவில்லை. ஆகவே வலை இருந்தாலும் ஆண்டுக்கு இருமுறை எரிகுழாயைத் தூரிகையால் துடைப்பதை நான் நிறுத்தவில்லை. ஒரு வித்தியாசம் மட்டும் தெளிவாகத் தெரிகிறது: முன்பு கதவைத் திறக்கும்போது மண் உதிரும், இப்போது உதிர்வதில்லை.

ஃபிரிட்ஜ் துளைக்கான தொகுதி நன்றாகத்தான் இருக்கிறது, ஆனாலும் மீண்டும் வாங்க மாட்டேன். கதவின் நீளவாட்டுப் பிளவுகளுக்குள் பட்டை பட்டையாகச் செருக வேண்டிய அமைப்பு அது. பிளவின் அகலம் வண்டிக்கு வண்டி மாறுவதால் அளந்து பார்க்காமல் வாங்கவே கூடாது. அதைவிட, அந்தக் கதவைக் கழற்றி உட்புறத்தில் கால் அங்குலமோ எட்டில் ஒரு பங்கு அங்குலமோ கண் உள்ள கம்பி வலையை வெட்டிப் பொருத்துவது எளிது. இரும்புச் சாமான் கடையில் ஒரு சுருள் வாங்கினால் இரண்டு வண்டிகளுக்குப் போதும். கண்ணின் அளவை மட்டும் குறைத்துவிடாதீர்கள். அமோனியாவில் இயங்கும் இந்த வகை ஃபிரிட்ஜில் கம்ப்ரசர் கிடையாது. கீழ்த்துளை வழியே நுழைந்த காற்று சூடேறி மேல்துளை வழியாகப் போகும் இயல்பான இழுப்பால்தான் பின்புறச் சுருள்களின் வெப்பம் வெளியேறுகிறது. கொசுகூட நுழையக் கூடாது என்று நெருக்கமான வலையைப் போட்டால், ஆகஸ்ட் மாத டெக்சாஸ் வெயிலில் பால் கெட்டுப்போவதைத் தவிர வேறு பயனில்லை.

ஃபர்னஸ் வலை பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது, ஏனென்றால் நான் வாங்கியதே அதற்காகத்தான். பொருள் என்ற வகையில் மூன்றிலும் சிறந்தது இதுவே: துளையின் உதட்டில் கச்சிதமாக உட்காருகிறது, நெடுஞ்சாலைக் காற்றில் அசைவதில்லை, மூன்று ஆண்டுகளில் ஒரு குளவிகூட உள்ளே போகவில்லை. ஆனால் சபர்பன் நிறுவனத்தின் ஃபர்னஸ் கையேடு, எந்தக் காரணத்துக்காகவும் புகைத்துளையின் மேல் வலை போடக் கூடாது, அது அடைபட்டால் ஃபர்னஸ் பாதுகாப்பற்ற முறையில் இயங்கக்கூடும் என்று வெளிப்படையாகவே எச்சரிக்கிறது. தொடக்கத்தில், வழக்குக்குப் பயந்து எழுதிய வரி என்று நினைத்து அதைக் கடந்துபோனேன். முதல் ஆண்டு டிசம்பரில் வலையைக் கழற்றிப் பார்த்தபோது அந்த எண்ணம் மாறியது. ஆஸ்டினில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை சீடர் மரங்களின் மகரந்தம் புகைபோலக் கிளம்பும். அது சாலைப் புழுதியோடு சேர்ந்து கம்பிகளின் மேல் மஞ்சள் பூச்சாகப் படிந்திருந்தது. கண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மூடிக் கிடந்தது. ஃபர்னஸ் தேவைப்படும் அதே மாதங்களில்தான் வலை அடைபடுகிறது.

புகைத்துளை அடைபட்டால் நடப்பது இரண்டில் ஒன்று. காற்று குறைந்து தீப்பற்றாமல் ஃபர்னஸ் நின்றுபோனால் குளிரோடு போய்விடும். ஆனால் தீப்பற்றும் அளவுக்குக் காற்று இருந்து, நன்றாக எரியும் அளவுக்கு இல்லாமல் போனால், அரைகுறையாக எரியும் வாயுவிலிருந்து கார்பன் மோனாக்சைடு உண்டாகும். நிறமும் மணமும் இல்லாத அந்த வாயுவைத் தூங்குகிறவர்களால் உணர முடியாது. வண்டிக்குள் இருக்கும் எச்சரிக்கைக் கருவி ஒன்றுதான் துணை. அதற்கும் ஆயுட்காலம் உண்டு, பின்புறம் அச்சிட்ட தேதியைப் பார்த்து மாற்ற வேண்டும். ஆகவே என் முடிவு இது: ஃபர்னஸ் வலை, வண்டி நிற்கும் காலத்துக்கான மூடி. ஃபர்னஸை ஓட்டும் பயணத்துக்கு முன்பு அதைக் கழற்றிவிட வேண்டும். பொதியின் மேல் இப்படி எழுதியிருக்கவில்லை, எழுதியிருந்தால் நன்றாயிருக்கும். எப்போதும் மாட்டியே வைத்திருக்கலாம் என்ற எண்ணத்தில் வாங்குபவர்கள் இந்த ஒன்றை வாங்க வேண்டாம்.

வலை வாங்க மனமில்லாதவர்கள் துளைக்கு அருகில் நாப்தலீன் உருண்டைகளை வைக்கச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அமெரிக்காவில் அவை பூச்சிக்கொல்லியாகப் பதிவு செய்யப்பட்டவை, உறையில் சொன்ன முறைக்கு மாறாகப் பயன்படுத்துவது சட்டப்படி குற்றம். அதோடு அந்த ஆவி வண்டிக்குள்தான் வரும். எறும்புகளுக்கு இந்த வலைகளால் எந்தத் தடையும் இல்லை. அவை சக்கரம், முட்டுக்கால், மின்கம்பி வழியாக ஏறுகின்றன. நிற்கும் இடங்களில் டயட்டம் மண் என்ற பூச்சிகொல்லும் தூளை வளையமாகத் தூவுவது ஓரளவு உதவுகிறது, மழை வந்தால் மீண்டும் தூவ வேண்டும். அடுப்பு மேல் புகைப்போக்கியின் வெளிமூடிக்குத் தாழ் இருந்தால் அதைப் போட்டாலே போதும்.

விமானங்களின் பிட்டோ குழாய் உறைகளில் சிவப்பு நாடா தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். பறப்பதற்கு முன் கழற்ற வேண்டும் என்பதை மறக்காமல் இருக்க வைத்த ஏற்பாடு அது. ஃபர்னஸ் வலையை மாட்டும் ஒவ்வொரு முறையும் நானும் அதேபோல் ஒரு சிவப்பு நாடாவை வண்டிக்குள் தெர்மோஸ்டாட்டின் மேல் கட்டிவிடுகிறேன். வலையைக் கழற்றி எண்ணிப் பெட்டியில் வைத்த பிறகுதான் நாடாவை அவிழ்ப்பேன். போன ஜனவரியில் மீண்டும் டேவிஸ் மவுண்டன்ஸ் போனபோது அதை அவிழ்க்கும் வேலையை மூத்த மகள் எடுத்துக்கொண்டாள்; முதல் திருப்பிலேயே ஃபர்னஸ் பற்றிக்கொண்டது.