நோட்டா பொத்தான்: சொந்தக் கட்சி மேல் கோபத்தில் இருப்பவர் அழுத்துமுன் படிக்க

நேற்று வரை மேடைக்கு மேடை திட்டிய கட்சியோடு இன்று தொகுதிப் பங்கீடு. இருபது வருடம் போஸ்டர் ஒட்டியவரின் விருப்ப மனு எங்கே போனதென்று தெரியாது, போன மாதம் கரை வேட்டி மாற்றியவருக்கு சீட். இந்த மாதிரி நேரத்தில் கட்சிக்காரர் வாயில் வருவது, "இந்த வாட்டி நோட்டாதான்". எதிர்க்கட்சிச் சின்னத்தில் கை போகாது, சொந்தச் சின்னத்தில் குத்த மனசு வராது. இப்படித் திண்டாடுகிறவருக்கென்று தேர்தல் ஆணையம் தரும் சேவை, 'மேலே உள்ள யாருக்கும் இல்லை' என்று சொல்லும் இந்தப் பொத்தான் ஒன்றுதான். மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடலாம்: ரகசியத்துக்கு ஐந்துக்கு ஐந்து, பலனுக்கு ஐந்துக்கு ஒன்றரை.

அந்த ஐந்துக்கு ஐந்து ஏன் என்பது பழைய 49-ஓவைப் பார்த்தால்தான் புரியும். 1961ஆம் ஆண்டு தேர்தல் நடத்தை விதிகளில் வரும் பிரிவு அது. பெயரைச் சரிபார்த்து, மை வைத்து, 17-ஏ என்ற வாக்காளர் பதிவேட்டில் கையெழுத்துப் போட்ட பிறகு, "நான் யாருக்கும் ஓட்டுப் போட விரும்பவில்லை" என்று வாக்குச்சாவடித் தலைமை அலுவலரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவர் பதிவேட்டில் குறிப்பு எழுதுவார், அதற்கு எதிரே மறுபடியும் கையெழுத்து. நாலடி தள்ளி உட்கார்ந்திருக்கும் பூத் ஏஜென்டுகள் எல்லோரும் ஒரே ஊர்க்காரர்கள். சாயங்காலத்துக்குள் செய்தி வட்டச் செயலாளர் வீட்டுக்குப் போய்விடும். 2013 செப்டம்பர் 27ஆம் தேதி உச்ச நீதிமன்றம் இதைத்தான் தவறென்றது; மறுக்கும் உரிமையும் ரகசியமாக இருக்க வேண்டும், இயந்திரத்திலேயே பொத்தான் வையுங்கள் என்றது. தீர்ப்பளித்த அமர்வின் தலைமை நீதிபதி ப. சதாசிவம், ஈரோடு மாவட்டத்துக்காரர். ஈரோடு இந்தக் கதையில் பிறகும் வரும்.

இனி பயன்படுத்தும் முறை. நோட்டா எப்போதும் பட்டியலின் கடைசியில், சுயேச்சைகளுக்கும் கீழே இருக்கும். ஒரு வாக்குப்பதிவுக் கருவியில் 16 பொத்தான்கள். 15 வேட்பாளர் வரை நோட்டாவும் முதல் கருவியிலேயே அடங்கிவிடும். 16 பேர் ஆனால் நோட்டாவுக்காகவே இரண்டாவது கருவி வரும். 2023 ஈரோடு கிழக்கு இடைத்தேர்தலில் 77 பேர் நின்றதால் ஐந்து கருவிகளை வரிசையாக வைத்தார்கள், நோட்டா ஐந்தாவதில். எனவே தடுப்புக்குள் போனதும் முதல் கருவியில் தேடிக்கொண்டு நிற்காமல் நேராகக் கடைசிக் கருவிக்குப் போங்கள். சின்னம், கறுப்புப் பெருக்கல் குறி போட்ட வாக்குச்சீட்டு. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம் வரைந்தது, 2015 முதல் இருக்கிறது. அதற்கு முன் வெறும் எழுத்துதான், படிக்கத் தெரியாதவர்கள் தடுமாறினார்கள்.

பொத்தானை அழுத்தினால் பக்கத்தில் சிவப்பு விளக்கு எரியும், ஒப்புகைச் சீட்டு இயந்திரத்தின் கண்ணாடிக்குள் ஏழு விநாடி சீட்டு தெரியும், பிறகு நீளமாக ஒரு பீப். கை தவறி வேறு பொத்தானை அழுத்திவிட்டால் திருத்த வழியில்லை. தபால் வாக்குப் போடும் அரசு ஊழியர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அந்தச் சீட்டிலும் நோட்டா உண்டு, ஆனால் கோபத்தில் இரண்டு வரி எழுதிக் கையெழுத்தும் போட்டால் சீட்டு செல்லாது. ஆளை அடையாளம் காட்டும் எந்தக் குறியும் இருக்கக் கூடாது என்பது விதி.

பலன் பக்கம் வந்தால்தான் ஏமாற்றம். நோட்டா முதலிடம் பிடித்தாலும் அடுத்து வந்தவர் ஜெயித்தவர் ஆவார், அவ்வளவுதான். 2018இல் மகாராஷ்டிரமும் ஹரியாணாவும் உள்ளாட்சித் தேர்தலுக்கு மட்டும் மறுதேர்தல் என்று மாற்றிக்கொண்டன. சட்டமன்றத்துக்கும் மக்களவைக்கும் அது கிடையாது. டெபாசிட்டிலோ பலர் எதிர்பாராத கூத்து ஒன்று உண்டு. செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காதவர் டெபாசிட் இழப்பார். நோட்டா அந்தக் கணக்கில் சேராது. உதாரணமாக ஒரு தொகுதியில் 1,80,000 வாக்குகள் பதிவாகி, அதில் 12,000 நோட்டா என்றால், டெபாசிட்டுக்குத் தாண்ட வேண்டிய கோடு 30,000 அல்ல, 28,000. நீங்கள் தண்டிக்க நினைத்த வேட்பாளருக்கு 2,000 வாக்கு தள்ளுபடி!

வித்தியாசக் கணக்கையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். வழக்கமாகப் போடும் கட்சிக்குப் போடாமல் நோட்டா அழுத்தினால் அதற்கு ஒரு வாக்கு குறையும். பிரதான எதிராளிக்குப் போட்டால் இரண்டு வாக்கு இடைவெளி. வீட்டிலேயே இருந்தாலும் அதே ஒன்றுதான். அதோடு உங்கள் பெயரில் வேறொருவர் வந்து போட்டுவிட்டுப் போகும் ஆபத்து வேறு. அந்த ஒரு வாக்கு சில இடங்களில் போதும்: 2016இல் ராதாபுரம் முடிவானது 49 வாக்கில், 2021இல் தியாகராய நகர் 137 வாக்கில். இரண்டிலும் நோட்டாவுக்கு விழுந்தது அந்த வித்தியாசத்தைவிடப் பல மடங்கு.

எங்கே இந்தச் சேவை நன்றாக வேலை செய்கிறது? கட்சியே களத்தில் இல்லாத இடத்தில். 2014இல் நீலகிரியில் பாஜக வேட்பாளரின் மனு தள்ளுபடியானது. நோட்டாவுக்கு 46,559 வாக்குகள், அந்தத் தேர்தலில் நாட்டிலேயே அதிகம். காங்கிரஸ் அதற்கும் கீழே. 2025இல் ஈரோடு கிழக்கில் அதிமுகவும் பாஜகவும் இடைத்தேர்தலைப் புறக்கணித்தன. நோட்டா 6,109 வாக்குகளோடு மூன்றாம் இடம். உச்சம் 2024 இந்தூர். காங்கிரஸ் வேட்பாளர் கடைசி நேரத்தில் மனுவை வாபஸ் வாங்கிவிட்டு பாஜக பக்கம் போனார். காங்கிரஸ் கட்சியே நோட்டாவுக்குப் போடச் சொல்லிப் பிரசாரம் செய்தது, 2,18,674 வாக்குகள் விழுந்தன. பாஜக அங்கே 11 லட்சத்துக்கு மேல் வித்தியாசத்தில் வென்றது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். அதே தேர்தலில் சூரத்தில் மற்றவர்கள் எல்லோரும் களத்திலிருந்து போய்விட, ஒருவர் போட்டியின்றித் தேர்வானார். வாக்குப்பதிவே இல்லையென்றால் நோட்டாவும் இல்லை. பெரிய ஓட்டை இது.

கட்சி களத்தில் இருக்கும்போது நோட்டாவின் குறை வேறு: கடிதம் போய்ச் சேரும், அனுப்பியவர் பெயர் இருக்காது. உங்கள் தலைமை அதைப் பார்த்து "எதிர்க்கட்சிக்காரர்கள் வெறுத்துப் போய்ப் போட்டது" என்று சொல்லிக்கொள்ளலாம். தொகுதிக்கு 250, 300 வாக்குச்சாவடிகள். சாவடிக்கு மூன்று பேராகச் சிதறினால் யார் கண்ணிலும் படாது. ஒரே சாவடியில் குவிந்தால் கதை வேறு. முடிவுக்குப் பிறகு படிவம் 20 என்ற பட்டியல் மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் வரும். சாவடி வாரியாக ஒவ்வொரு வேட்பாளருக்கும் நோட்டாவுக்கும் விழுந்தது அதில் இருக்கும், தபால் வாக்கு தனியாக. கிளைச் செயலாளர் முதலில் திறப்பது இதைத்தான். ஒரு சாவடியில் போன தேர்தலில் கட்சிக்கு 410, நோட்டாவுக்கு 8 என்று வையுங்கள். இந்தத் தடவை 355, 60. மற்றவர்கள் அப்படியே என்றால், யார் கோபம் என்று விளக்கத் தேவையில்லை. ஒப்பிடும்போது சாவடி எண் மாறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், இரண்டாகப் பிரித்திருப்பார்கள்.

ஆகவே தனியாளாக அழுத்துவதென்றால் மனத் திருப்திக்கு மட்டும். தெருவே சேர்ந்து அழுத்துவதென்றால், கிளைக் கூட்டத்தில் காரணத்தை எழுத்தில் கொடுத்து நகல் வைத்துக்கொண்டு, பிறகு அழுத்துங்கள். பெயரில்லாத கடிதம் என்ற குறை அப்போதுதான் தீரும். வேட்பாளர் பட்டியல் வெளியாவதற்கு முன்பே கொடுத்துவிடுவது நல்லது. வாபஸ் தேதி தாண்டிவிட்டால் கட்சியே நினைத்தாலும் ஆளை மாற்ற முடியாது.