கிரிப்டோ கசினோவில் 14 மாதம்: எல்லாம் சரியாகத்தான் இருந்தது, காசைத் தவிர

2023 கடைசியில் பிட்கொயின் போன்ற மெய்நிகர் நாணயத்தில் விளையாடும் ஒரு இணையக் கசினோவில், அதாவது கிரிப்டோ கசினோவில், கணக்குத் திறந்தேன். பெயர் வேண்டாம். பகடையும், ஏறிக்கொண்டே போகும் பெருக்கம் முறிவதற்குள் காசை எடுக்க வேண்டிய கிராஷும்தான் என் ஆட்டம். "முடிவுகளை நீங்களே சரிபார்க்கலாம்" என்று முகப்பிலேயே போட்டிருந்தார்கள். சரி, பார்த்துவிடுவோம் என்று இறங்கினேன். 8,000க்கு மேல் பந்தயம். சரிபார்த்ததில் ஒன்றுகூடப் பிசகவில்லை.

இலங்கையில் எங்கள் ஊரில் 304 என்ற கடதாசி ஆட்டம் விளையாடியவர்களுக்கு இது இலகுவாக விளங்கும். துரும்பு சொல்கிறவர் கடதாசியைக் கவிழ்த்து வைத்துவிட்டால் பிறகு மாற்ற முடியாது. கசினோவும் அப்படித்தான். சேர்வர் சீட் (seed) என்ற இரகசிய எழுத்துச் சரத்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, அதன் ஷா-256 ஹாஷை, அதாவது அந்தச் சரத்திலிருந்து கணக்கிட்டு எடுத்த, திருப்பிச் சரத்தைக் கண்டுபிடிக்க முடியாத 64 எழுத்துகளை, முதலிலேயே காட்டிவிடும். அதுதான் கவிழ்த்த துரும்பு. கடதாசி கலைத்த பிறகு மற்றவர் வெட்டிக் கொடுப்பாரே, அது நாங்கள் போடும் கிளையன்ட் சீட். இவை இரண்டோடு பந்தயத்தின் வரிசை எண்ணான நொன்ஸையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் பகடை எண் வரும். சேர்வர் சீட்டைப் புதியதாக மாற்றியதும் பழையது வெளியே வரும். அதை ஹாஷ் செய்து, முன்பு காட்டியதோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும்.

முதல் மாதம் கிளையன்ட் சீட்டை நான் தொடவே இல்லை. அவர்கள் தந்ததையே விட்டுவிட்டேன். கலைத்தவனே வெட்டியும் கொடுத்த கதை. அந்த மாதத்துச் சரிபார்ப்புக்கு என்னிடம் பெரிய மதிப்பில்லை. அதே சைட்டில் இருக்கும் சரிபார்ப்புப் பக்கத்தையும் நம்பவில்லை. பைதனில் இருபது வரி எழுதி என் கணினியிலேயே ஓட்டினேன். முதல் நாள் எல்லா விடையும் பிழை! களவு பிடித்துவிட்டேன் என்று இரவு முழுக்க நித்திரையில்லை. காலையில் பார்த்தால் அவர்களின் நொன்ஸ் 0இல் தொடங்குகிறது, நான் 1இலிருந்து எண்ணியிருக்கிறேன்.

கிராஷில் முறை வேறு. ஹாஷ்களைச் சங்கிலியாகச் செய்து வைத்துக்கொண்டு கடைசியிலிருந்து பின்னோக்கி விளையாடுவார்கள். இன்றைய ஹாஷை மீண்டும் ஹாஷ் செய்தால் முந்தைய ஆட்டத்தினுடையது வர வேண்டும். வந்தது. அங்கிருந்த ஸ்லொட் ஆட்டங்களுக்கு இந்த வசதி இல்லை, அதனால் தொடவில்லை.

மருமகன் ஒருநாள் கேட்டான்: "மாமா, உதைச் செக் பண்ணினா வெல்லலாமோ?" இல்லையடா. பகடையில் இரண்டு மடங்கு தரும் பந்தயத்தில் வெல்லும் வாய்ப்பு 49.5 வீதம். அந்த அரை வீதக் குறைதான் கசினோக்காரனுக்கு ஒரு வீத இலாபம். அதை அவர்கள் ஒளிக்கவும் இல்லை. நான் உருட்டியது மொத்தம் ஏறத்தாழ 4,000 டொலர். கணக்குப்படி 40 போக வேண்டும், போனது 57. ஒரே 50 டொலரை வைத்துத் திரும்பத் திரும்ப உருட்டினாலும் மொத்தம் இப்படி ஏறும் என்பதை நான் மெதுவாகத்தான் உணர்ந்தேன்.

எரிச்சல் வந்தது வேறு இடத்தில். மிச்சக் காசை எடுக்கப் போனபோது முகவரிக்கு அத்தாட்சி கேட்டார்கள். எங்கள் வீட்டு மின்சாரப் பட்டியல் அப்பாவின் பெயரில். நிராகரித்தார்கள். வங்கிக் கூற்று அனுப்பி, 19 நாள் கழித்துத்தான் விட்டார்கள். அதைச் சரிபார்க்க எந்த ஹாஷும் கிடையாது. முறையிட இங்கே இடமும் இல்லை. இலங்கை மத்திய வங்கி 2018இலிருந்தே மெய்நிகர் நாணயம் பற்றி எச்சரித்து வருகிறது, வங்கி அட்டையால் அதை வாங்கவும் அனுமதியில்லை.

காசு வந்த சந்தோசத்தில் கணக்கை மூடிவிட்டேன். பிறகுதான் ஞாபகம் வந்தது, கடைசி சேர்வர் சீட்டை நான் மாற்றவே இல்லை. அந்த 212 பந்தயங்களின் துரும்பு இன்னும் கவிழ்ந்துதான் கிடக்கிறது.