தனிக் கூடமா, நடு முற்றமா?

புதுச்சேரியில் எட்டுக் குடும்பங்கள் சேர்ந்து வாழ வீடு கட்டுவதென்றால், முதலில் முடிவு செய்ய வேண்டியது பொது இடம் எங்கே என்பதைத்தான்.

டென்மார்க்கில் 1972இல் உருவான சேட்டெடாமன் குடியிருப்பு ஒரு வழியைக் காட்டியது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வீடு. சேர்ந்து சமைத்துச் சாப்பிடத் தனியே ஒரு பொது வீடு. இரைச்சல் அங்கேயே அடங்கிவிடும், உறங்கும் குழந்தை விழிக்காது. ஆனால் ஐப்பசி அடைமழையில் குழம்புச் சட்டியை முந்தானையால் மூடிக்கொண்டு யார் அதுவரை நடப்பார்கள்? நான்கு நாள் போகாவிட்டால் அந்தக் கூடம் பூட்டியே கிடக்கும்.

மற்ற வழி இங்குள்ள தமிழர் தெருக்களின் பழைய வீடுகளிலேயே இருக்கிறது: திண்ணை, தூண் வைத்த தாழ்வாரம், நடுவே முற்றம். முற்றத்துக்கு மேலே, சூடான காற்று வெளியேற இடைவெளி விட்டு, உயரமாக ஒரு கூரை போடலாம். எல்லா வீட்டுக் கதவுகளும் அந்த முற்றத்தைப் பார்த்துத் திறந்தால், முருங்கைக்கீரை ஆயும் பாட்டியின் முறத்தருகே பக்கத்து வீட்டுச் சிறுமி தானாக வந்து உட்காருவாள், அழைப்பே வேண்டாம். தாளிக்கும் நெடியும் தொலைக்காட்சிச் சத்தமும் எல்லோருக்கும் பங்காகும் என்பது உண்மையான குறை. அதற்கு ஒவ்வொரு கதவுக்கும் பின்னால் ஒரு சிறு ரேழி விட்டு, படுக்கையறையை அதற்கும் உள்ளே தள்ளி வைக்க வேண்டும். இடம் கொஞ்சம் கூடுதலாகத்தான் பிடிக்கும். ஆனாலும் நான் முற்றத்தையே கேட்பேன்.