பிஎஸ்பி-3000: கார்டைப் படிக்க மறுத்த பதினொரு நாட்கள்

"மாமா, பழைய பிஎஸ்பி ஒன்று நல்ல நிலையில் விலைக்கு வருகிறது. வாங்கலாமா?" என்று அக்காள் மகன் போன வாரம் கேட்டான். பதில் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆனது. அவன் கேட்ட வேளை அப்படி. என்னுடைய பிஎஸ்பி, அதாவது சோனியின் கையடக்க விளையாட்டுக் கருவி, மெமரி கார்டைப் படிக்காமல் பதினொரு நாட்கள் கிடந்து, அப்போதுதான் மீண்டிருந்தது. அந்தப் பதினொரு நாட்களின் ஆத்திரம் அடங்குவதற்குள் நல்லதாக ஒரு வார்த்தையும் என் வாயில் வராது. அடங்கியபின் எழுதுகிறேன். முழுவதும் அடங்கிவிட்டது என்றும் சொல்ல மாட்டேன்.

திரை எத்தனை அங்குலம், விளையாட்டு பதிந்திருக்கிற யுஎம்டி தட்டு எத்தனை ஜிபி என்பதெல்லாம் இதைப் படிக்கிறவர்களுக்குத் தெரிந்தவை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

இந்தக் கருவியை 2010-இல் அத்தான் துபாயிலிருந்து கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். அதே ஆண்டு செப்டம்பரில்தான் எங்கள் ஊர் செங்கோட்டையிலிருந்து மலை தாண்டிக் கேரளத்துப் புனலூருக்கு ஓடிய மீட்டர் பாதை ரயிலை நிறுத்தினார்கள். அகலப் பாதையாகி மறுபடி ரயில் ஓட 2018 ஆகிவிட்டது. எனக்கு அப்போது புனலூரில் டைல்ஸ் கடையில் வேலை. திங்கள் காலை போய்ச் சனி இரவு திரும்புவேன். இடைப்பட்ட அந்த ஆண்டுகள் முழுக்க எனக்குப் பஸ்தான். புளியரை எஸ் வளைவில் ஏறி, கோட்டைவாசல் தாண்டி, ஆரியங்காவு, தென்மலை வழியாகப் போகும் அந்தச் சாலையில் புத்தகம் படித்தால் தலை சுற்றும். பிஎஸ்பியில் விளையாடினால் சுற்றவில்லை.

இதில் நான் இன்றும் வியக்கிற ஒன்று வலப்பக்கத்துச் சுவிட்ச். மேலே ஒரு தள்ளு, கருவி தூங்கிவிடும். இன்னொரு தள்ளு, விட்ட இடத்திலிருந்தே விழிக்கும். பந்தயத்தில் கார் வளைவில் பாதி திரும்பியிருந்தால், பாதி திரும்பிய நிலையிலேயே காத்திருக்கும். சோதனைச் சாவடியில் பஸ் நின்றால் தள்ளுவேன், கிளம்பினால் தள்ளுவேன். பதினைந்து ஆண்டுகளில் ஒருமுறைகூட அந்தச் சுவிட்ச் என்னை ஏமாற்றியதில்லை. இப்போது வருகிற எத்தனையோ விலை உயர்ந்த சாதனங்களில் இந்த ஒழுங்கை நான் பார்க்கவில்லை.

விளையாடுவது பெரும்பாலும் கிரான் டுரிஸ்மோ, 2009-இல் வந்த பதிப்பு. அதில் எண்ணூறுக்கும் மேற்பட்ட கார்கள் இருக்கின்றன. விளையாட்டுக்குள் நாள் நகர நகர விற்பனைக் கடைகள் மாறிக்கொண்டே வரும். வேண்டிய கார் வேண்டிய நாளில் கிடைக்காது, காத்திருக்க வேண்டும். நான் 612 கார்கள் சேர்த்திருக்கிறேன். அவை அத்தனையும் கார்டில் பிஎஸ்பி என்ற கோப்புறைக்குள் சேவ்டேட்டா என்ற சிறு கோப்புறையில் இருக்கின்றன. விளையாட்டு தட்டில் இருக்கிறது, தட்டு போனால் இன்னொன்று தேடி வாங்கலாம். 612 கார்களை எந்தக் கடையில் வாங்குவது?

முதலில் இருந்தது 4 ஜிபி மெமரி ஸ்டிக் ப்ரோ டுவோ, சோனியின் சொந்தக் கார்டு வகை. பிறகு அந்த வகைக் கார்டு கிடைப்பதே அரிதாகி, கிடைத்தாலும் விலை கட்டுப்படியாகாமல் போனது. எல்லோரையும் போல நானும் அடாப்டருக்கு மாறினேன். ப்ரோ டுவோ வடிவத்தில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் கூடு, அதற்குள் 16 ஜிபி மைக்ரோ எஸ்டி. பல ஆண்டுகள் பழுதில்லாமல் ஓடியது.

ஆடி மாதம். ஆரியங்காவுக் கணவாய் வழியாக வருகிற காற்றும் சாரலும் எங்கள் ஊரில் சுவரையே ஈரமாக்கும் காலம். பெயர் தெரியாத ஒரு மாற்று பேட்டரி போட்டிருந்தேன், அது உப்பியிருந்தது. பின்மூடி சரியாகப் பதியவில்லை என்று கண்ணில் பட்டும் விட்டுவைத்தேன். இரவு ஒரு பந்தயம் முடிந்து சேமித்துக்கொண்டிருந்தபோது, இடப்பக்கத்து ஆரஞ்சு விளக்கு துடித்துக்கொண்டிருந்த நேரத்தில், மூடி கழன்று பேட்டரி விலகியது. விளக்கும் திரையும் ஒரே கணத்தில் அணைந்தன.

பேட்டரி இல்லாமல் சார்ஜரிலேயே இந்தக் கருவி இயங்கும். அப்படிப் போட்டுப் பார்த்தேன். கார்டைப் படிக்க முடியவில்லை என்றது. கழற்றிச் செருகினேன். மறுபடி அதே. கோபத்தில் இருபது முறையாவது கழற்றிக் கழற்றிச் செருகியிருப்பேன். பிறகு கார்டே இல்லை என்று சொல்ல ஆரம்பித்தது.

இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். எனக்குப் பதினொரு நாள் ஆனதற்குக் காரணமே இதுதான். படிக்க முடியவில்லை என்பதும் கார்டு இல்லை என்பதும் வெவ்வேறு நோய்கள். ஆரஞ்சு விளக்கு சிறிது நேரம் துடித்து, அதற்குப் பிறகு முடியாது என்று வந்தால், கருவிக்குக் கார்டு தெரிகிறது, உள்ளே எழுதியிருப்பதுதான் புரியவில்லை. விளக்கு ஒருமுறைகூடத் துடிக்காவிட்டால், மின் தொடர்பே இல்லை. முதல் நோய் பேட்டரி விலகியதால் வந்தது. இரண்டாவது என் கை வேகத்தால் வந்தது. இரண்டையும் ஒன்றென்று நினைத்து ஒரு வாரம் அலைந்தேன்.

அடுத்து கணினி. கூட்டிலிருந்து மைக்ரோ எஸ்டியைத் தனியே எடுத்து, யுஎஸ்பி ரீடரில் போட்டவுடன், பயன்படுத்துவதற்கு முன் ஃபார்மட் செய்ய வேண்டும் என்று ஒரு பெட்டி வந்தது. இணையத்தில் பாதிப் பேர் சொல்கிற வைத்தியமும் இதே ஃபார்மட்தான். அது கருவியைக் குணப்படுத்தும், கார்டிலிருப்பதைப் பறித்துவிடும். புதிய கார்டுக்கு அது சரி. உள்ளே உங்கள் ஆண்டுகள் இருக்கும்போது அந்தப் பொத்தானில் கை வைக்காதீர்கள். நான் பெட்டியை மூடிவிட்டுக் கார்டை வெளியே எடுத்தேன்.

சனிக்கிழமை புனலூருக்குப் போனேன். செங்கோட்டைக்காரர்கள் எதற்கெடுத்தாலும் மலை தாண்டிப் போவதை வெளியூர்க்காரர்கள் விநோதமாகப் பார்ப்பார்கள். 1956 நவம்பர் 1 வரை நாங்கள் அந்தப் பக்கத்து ஆட்சியில் இருந்தவர்கள், பாட்டி காலத்திலிருந்தே கொல்லமும் புனலூரும் எங்களுக்கு அடுத்த தெரு. டைல்ஸ் கடைக்குப் பக்கத்தில் செல்போன் பழுது பார்க்கிற ஒரு சேட்டன் இருக்கிறார். அவரிடம் கருவியையும் கூட்டையும் கொடுத்தேன்.

கருவியை அவர் திறக்கவே இல்லை. கூட்டைத் திருப்பி விளக்கின் கீழ் வைத்து, கண்ணில் லென்ஸைப் பொருத்திக்கொண்டு பார்த்தார். பிறகு லென்ஸை என்னிடம் நீட்டினார். அடிப்பக்கத்தில் பத்துத் தங்கநிறப் பட்டைகள். அவற்றில் இரண்டின்மேல் பழுப்பு ஏறியிருந்தது, வெண்கலக் குத்துவிளக்கில் எண்ணெய் காய்ந்த இடத்தைப் போல. உள்ளே மைக்ரோ எஸ்டி உட்காரும் இடத்தில் கார்டைத் தொடுவதற்கென்று மயிரிழை போன்ற எட்டு உலோக வில்கள், ஒவ்வொன்றும் சற்றே தலை தூக்கி நிற்கின்றன. ஓரத்தில் ஒன்று மட்டும் தலை தாழ்ந்து படுத்திருந்தது. கார்டை எத்தனை முறை தள்ளினாலும் அது தொடப்போவதில்லை.

ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பஞ்சுக் குச்சியை நனைத்து, பட்டைகளை நீளவாக்கில் நான்கு முறை துடைத்தார். பஞ்சில் கறுப்பு வந்தது. பிறகு ஊசி முனையால் அந்த ஒற்றை வில்லை ஒரு நூல் அளவு உயர்த்தினார். கருவியின் துளைக்குள் என்ன செய்யலாம் என்று கேட்டேன். "அண்ணா, அதற்குள் ரப்பரும் வேண்டாம், ஊசியும் வேண்டாம். இந்த ஆல்கஹால் தொட்ட மெல்லிய துணி போதும். அங்கே ஒரு பின் வளைந்தால் பிறகு என் கையில் இல்லை," என்றார். கார்டைச் செருகினார். விளக்கு துடித்தது. "குழப்பமில்லை," என்றார். மலையாளத்தில் அதற்குப் பிரச்சினை இல்லை என்று பொருள். நூறு ரூபாய் வாங்கிக்கொண்டார். திரையில் மறுபடி, கார்டைப் படிக்க முடியவில்லை. ஆனால் இம்முறை எனக்கு வருத்தமில்லை. ஒரு நோய் தீர்ந்து மற்றது தனியாகத் தெரிந்ததே பெரிய விடுதலை.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை, கார்டை அப்படியே நகலெடுத்தது. கோப்புகளை மட்டும் எடுத்தால் போதாது, முதல் பிட்டிலிருந்து கடைசிப் பிட்டு வரை வேண்டும். வின்32 டிஸ்க் இமேஜர் என்ற இலவச மென்பொருள் போதுமானது. அடுத்து, சிதைந்த கார்டின் அமைப்பைச் சரிசெய்கிற டெஸ்ட்டிஸ்க், அதுவும் இலவசம். கறுப்புத் திரையில் வெறும் எழுத்துகளாகவே வரும், பார்த்துப் பயப்பட வேண்டாம்.

அது செய்கிற வேலையின் அழகைச் சொல்லியே ஆக வேண்டும். பிஎஸ்பி படிக்கிற கோப்பு முறை ஃபேட்32. அதில் கார்டின் அமைப்பு முதல் செக்டாரில், அதாவது சேமிப்பின் முதல் சிறு கட்டத்தில், எழுதப்பட்டிருக்கும். அது சிதைந்தால் கருவிக்கு உள்ளே நுழைய வழி தெரியாது. ஆனால் இதை வகுத்தவர்கள் அதே செக்டாரின் ஒரு நகலை ஆறாம் எண் செக்டாரில் வைத்திருக்கிறார்கள். டெஸ்ட்டிஸ்க் இரண்டையும் படித்து, முதலாவது கெட்டது, நகல் நல்லது, இரண்டும் ஒன்றுபோல் இல்லை என்று மூன்று வரிகளில் சொன்னது. நகலை முதல் இடத்தில் எழுதச் சொன்னேன். ஒரு நொடிதான். கோப்புறைகள் வந்துவிட்டன. சேவ்டேட்டாவை வேறு இடத்துக்கு நகலெடுத்துவிட்டுத்தான் மூச்சு விட்டேன். கார்டைச் செருகி, பிஎஸ்பியில் கேமைத் திறந்து, கார்களின் எண்ணிக்கையைப் பார்த்தேன். 612. மின்சாரம் போனபோது நடந்துகொண்டிருந்த அந்தக் கடைசிச் சேமிப்பு மட்டும் இல்லை. போகட்டும்.

எல்லோருக்கும் இப்படி அமையும் என்று நான் உறுதி சொல்ல முடியாது. நகல் செக்டாரும் கெட்டிருந்தால் கோப்புகளை மீட்டெடுக்க அதே குழுவின் ஃபோட்டோரெக் இருக்கிறது, ஆனால் அது கோப்புகளைப் பெயரில்லாமல் குவித்துக் கொடுக்கும். சேமிப்புக் கோப்புறைகளைப் பெயரோடு கேட்கிற பிஎஸ்பிக்கு அது பெரிதாக உதவாது.

ஆத்திரம் அடங்கவில்லை என்று தொடக்கத்தில் சொன்னேனே, அந்த ஆத்திரம் இந்த அடாப்டரின்மேல் அல்ல. 16 ஜிபியை ஓய்வெடுக்க வைக்கலாம் என்று ஒரு இணையக் கடையில் 64 ஜிபி கார்டு வாங்கினேன். மேலட்டையில் எழுத்துகள் சுத்தமாக இருந்தன, கணினியும் 64 என்றே காட்டியது. நல்ல வேளையாக எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற மென்பொருளில் சோதித்தேன். அது கார்டு நிறைய எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்து ஒப்பிடும். மணிக்கணக்கில் ஓடி முடிந்தபோது, 8 ஜிபிகூட முழுதாக இல்லை. உள்ளே இருக்கிற கட்டுப்பாட்டுச் சில்லைப் பொய் சொல்லப் பழக்கியிருக்கிறார்கள். இடம் தீர்ந்தபிறகும் வாங்கிக்கொண்டேதான் இருக்கும், திருப்பிக் கேட்டால் இருக்காது. பணத்தைத் திருப்பித் தந்துவிட்டார்கள். பணமா பேச்சு? சோதிக்காமல் என் கார்களை அதில் ஏற்றியிருந்தால் யார் திருப்பித் தருவார்கள்? தெரிந்தே செய்கிற இந்த வஞ்சகத்துக்கு மன்னிப்பு இல்லை.

தென்காசியில் நேரில் வாங்கிய 64 ஜிபி சோதனையில் தேறியது. ஆனால் பிஎஸ்பி அதைப் படிக்கவில்லை. இது பழுதல்ல, வாங்குகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. 32 ஜிபிக்கு மேற்பட்ட மைக்ரோ எஸ்டி கார்டுகள் எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் ஆகி வருகின்றன, பிஎஸ்பிக்கு அது தெரியாது. விண்டோஸின் வழக்கமான ஃபார்மட் பெட்டி 32 ஜிபிக்கு மேல் ஃபேட்32-ஐக் காட்டாது. ரூஃபஸ் மென்பொருளில் ஃபேட்32 ஆக்கினேன். அதன்பின் பிஎஸ்பியிலேயே சிஸ்டம் அமைப்புகளுக்குள் போய் ஒருமுறை ஃபார்மட் செய்தேன், கோப்புறைகளை அதுவே உருவாக்கிக்கொண்டது. இத்தனை சிரமம் வேண்டாம் என்றால் 32 ஜிபியோடு நின்றுகொள்ளுங்கள்.

கருவியின்மேல் எனக்குக் குறை இல்லை. பதினைந்து ஆண்டு உழைத்த பொத்தான்கள் இன்றும் விரலுக்குப் பதில் சொல்கின்றன. தட்டு சுற்றுகிறது. அந்தச் சுவிட்சைப் பற்றி முன்பே சொல்லிவிட்டேன்.

ஆனாலும் அக்காள் மகனிடம் வாங்காதே என்றுதான் சொன்னேன். அவனுக்குப் பதினாறு வயது. நல்ல பேட்டரியும் நல்ல கூடும் உண்மையான கார்டும் தேடி அலைகிற வேலை அவன் படிப்புக்கு நடுவில் வேண்டாம். "அப்படியென்றால் உங்களுடையதைக் கொடுங்கள் மாமா" என்றான். கொடுக்க மாட்டேன் என்றேன். அவன் முகம் வாடியது உண்மை, அதற்காக என் பதில் மாறவில்லை.

உப்பிய பேட்டரியைப் பழைய மின்பொருள் எடுக்கிறவரிடம் கொடுத்தாகிவிட்டது. வருகிற சனிக்கிழமை புனலூர் போகிறேன். சேட்டனிடம் இன்னொரு கூடு சொல்லி வைத்திருக்கிறேன், அதன் எட்டு வில்களையும் லென்ஸில் பார்த்துத்தான் வாங்குவேன்.