மெரிதாவா, வயதோலிதா? யுகாத்தானில் எங்கே மூட்டையை இறக்குவது

மெக்சிகோவின் யுகாத்தான் பக்கம் முதுகுப்பையோடு போகிறவர்களுக்குப் பெரும்பாலும் ஒரே குழப்பம்தான்: மெரிதாவில் தங்குவதா, வயதோலிதில் தங்குவதா? இரண்டுமே மாயா என்ற பூர்வகுடிகளின் ஊர்களின் தலைமேல் ஸ்பானியர்கள் கட்டியவை. 1542-இல் உருவான மெரிதாவின் பேராலயத்தை, அங்கிருந்த மாயா கோயில்களை இடித்த கற்களைக்கொண்டே எழுப்பி 1598-இல் முடித்தார்கள். வயதோலித், 1545-இல் சசீ என்ற மாயா ஊரின் மேல் வந்தது.

கையில் நாள் குறைவு, தண்ணீரில் இறங்கியே ஆகவேண்டும் என்பவர்களுக்கு வயதோலித்தான் சரி.

மெரிதா பெருநகரம். கற்றாழை நார்க் கயிறு விற்றுக் கொழுத்த பண்ணையார்களின் மாளிகைகள் பசேயோ தே மொந்தேஹோ சாலையில் வரிசையாக நிற்கின்றன. மாலையில் பார்க்க அழகுதான். ஆனால் ஏப்ரல், மே வெயிலில் பகலில் அங்கே நடப்பது தண்டனை. வயதோலிதிலும் அதே வெயில் என்றாலும், சதுக்கத்திலிருந்து சில தெருக்கள் தள்ளி ஊருக்குள்ளேயே சசீ செனோட்டே இருக்கிறது. வியர்த்தால் போய் விழலாம்.

செனோட்டே என்பது கூரை இடிந்த பெருங்கிணறு மாதிரி. வடக்கு யுகாத்தானில் ஆறே கிடையாது. மழை முழுவதும் சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கி, அடியில் குகை குகையாக ஓடுகிறது. மேலே பாறை இடிந்து விழுந்த இடத்தில் நீர் வெளியே தெரிகிறது. வயதோலிதில் சைக்கிள் வாடகைக்கு எடுத்தால் சமுலா, எக்ஸ்கெக்கென் என்ற இரண்டு செனோட்டேக்களும் சுமார் ஏழு கிலோமீட்டர்தான். சமுலாவில் கூரை ஓட்டையின் வழியே ஒரு மரத்தின் வேர்கள் கயிறு கயிறாகத் தண்ணீரை நோக்கித் தொங்கும். காலை அசைக்காமல் வைத்தால் சின்ன மீன்கள் வந்து கடிக்கும். சுய்துன் செனோட்டே புகைப்படத்தில் அபாரம். நேரில், நடுமேடையில் நின்று படமெடுக்க வரிசை. எங்கே போனாலும் இறங்குமுன் குளித்து, சன்ஸ்கிரீனைக் கழுவிவிடச் சொல்வார்கள்.

மெரிதா பக்கத்தில் குசமா இருக்கிறது. பழைய கற்றாழைப் பண்ணையின் தண்டவாளத்தில் குதிரை இழுக்கும் தள்ளுவண்டியில் செனோட்டேவுக்குப் போகவேண்டும். இருப்பதோ ஒற்றைத் தடம். எதிரே இன்னொரு வண்டி வந்தால் ஒரு வண்டிக்காரர் எல்லாரையும் இறக்கிவிட்டு, வண்டியையே தண்டவாளத்திலிருந்து தூக்கி ஓரம் வைத்து வழிவிடுவார். குளியலைவிட இதுதான் வேடிக்கை.

இடிபாடுகளில் சிச்சேன் இட்சா என்றால் வயதோலிதுக்கே வெற்றி. ஷேர் வேனில் முக்கால் மணி நேரம். காலை எட்டு மணிக்குக் கதவு திறக்கும்போது வாசலில் நின்றுவிட்டால், கான்குன் என்ற கடலோர நகரத்திலிருந்து சுற்றுலாப் பேருந்துகள் வந்து இறங்குமுன் நான்கு பக்கமும் 91 படி கொண்ட அந்தப் பிரமிடை நிதானமாகப் பார்க்கலாம். ஏற விடமாட்டார்கள். அப்புறம் கடைக்காரர்கள் ஜாகுவார் உறுமல் விசிலை ஊதத் தொடங்கிவிடுவார்கள், காது போய்விடும். ஞாயிறு வேண்டாம், மெக்சிகோக்காரர்களுக்கு இலவசம் என்பதால் கூட்டம் அள்ளும். ஏக் பலாமும் வயதோலிதுக்கு அருகில்தான். அரசனின் கல்லறை வாசலையே பூதத்தின் வாயாகச் சுதையில் செய்திருக்கிறார்கள், பல்வரிசை உட்பட.

மெரிதாவின் துருப்புச்சீட்டு உஷ்மல். என்னைக் கேட்டால் இந்த வட்டாரத்திலேயே சிறந்த இடிபாடு அதுதான். மூலைகள் வளைந்த சூனியக்காரன் பிரமிடு சுமார் 35 மீட்டர் உயரம். அங்கே செனோட்டே இல்லை. அது இருக்கும் புவுக் குன்றுப் பகுதியில் நிலத்தடி நீர் மிக ஆழம். மழைநீரைச் சுல்தூன் என்ற நிலத்தடித் தொட்டிகளில் சேர்த்துத்தான் ஒரு நகரமே பிழைத்தது. சுவரெங்கும் வளைந்த மூக்கோடு மழைத்தெய்வம் சாக்கின் முகம் ஏன் என்பது இதை அறிந்தால் புரியும். ஒரே சிக்கல், பேருந்துகள் குறைவு. திரும்பும் நேரத்தைக் கேட்டுக்கொள்ளாமல் உள்ளே போகாதீர்கள்.

சைவர்களுக்கு இரண்டு ஊரும் கொஞ்சம் கஷ்டம். பீன்ஸைக்கூடப் பன்றிக்கொழுப்பில் தாளிப்பார்கள். முட்டை சாப்பிட்டால் பூசணி விதைச் சாறு ஊற்றிய பாபாட்சுல் கைகொடுக்கும்.

முடிந்தால் வயதோலிதில் அதிக நாள் இருந்துவிட்டு, இரண்டு மணி நேரப் பேருந்தில் மெரிதா போய் உஷ்மலைப் பாருங்கள். திரும்ப கான்குனில் விமானம் பிடிப்பவர்கள் கவனிக்க: கான்குன் இருக்கும் கிந்தானா ரோ மாநிலத்தின் கடிகாரம் யுகாத்தானைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது.