ஓடையும் மேடும் பழக: பழைய புல்லட்டா, ஆர்எக்ஸ் 100-ஆ?

கரடுமுரடான தடத்தில் கால் ஊன்றாமல் வண்டி நகர்த்தும் ட்ரயல்ஸ் போட்டிக்கென்றே செய்த மான்டெசா, காஸ் காஸ், பீட்டா வண்டிகள் 70 கிலோவை ஒட்டியே இருக்கும். உட்கார சீட்டே இருக்காது. அவை நம் பக்கத்து ஷோரூம்களில் கிடைக்கிற சமாச்சாரம் இல்லை. கடலூர் கேப்பர் மலைச் செம்மண் ஓடைகளில் கால் ஊன்றாமல் வண்டி நகர்த்திப் பழக நினைப்பவர்கள் கடைசியில் வந்து நிற்பது இரண்டு பழைய உதை வண்டிகளில்தான். ஒன்று, திறந்து மூடி ஸ்பார்க் விடவைக்கும் பாயின்ட் வைத்த காஸ்ட் அயர்ன் புல்லட் 350. இன்னொன்று யமஹாவின் டூ ஸ்ட்ரோக் ஆர்எக்ஸ் 100.

புல்லட்டுக்குப் பரம்பரைப் பெருமை உண்டு. ஸ்காட்லாந்தின் ஆறு நாள் ட்ரயலை ஜானி பிரிட்டன் 1952-லும் 1957-லும் ராயல் என்ஃபீல்டில்தான் வென்றார். ஆனால் பெருமை வண்டியைத் தூக்கிவிடாது. புல்லட் 160 கிலோவுக்கு மேல்; ஆர்எக்ஸோ நூறு கிலோவை ஒட்டி. ஓடையில் சாய்ந்தால் தனியாளாக நிமிர்த்தக்கூடியது எது என்று கேட்கவே வேண்டாம். புல்லட்டின் பலம் வேறு இடத்தில். 70 மி.மீ. போர் (சிலிண்டர் விட்டம்), 90 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் நீளம்), கனத்த ஃப்ளைவீல். கிளட்சைத் தொடாமல் நடை வேகத்தில் டக்டக்கென்று மேடேறும். ஆர்எக்ஸில் அதே மேட்டுக்கு ஆக்சிலேட்டரும் அரை கிளட்சும் விட்டு விளையாட வேண்டியிருக்கும். கிளட்ச் பிளேட் சீக்கிரம் தேயும்.

இனி உதைக்கும் விஷயம். ஆர்எக்ஸுக்கு மந்திரம் எதுவும் கிடையாது. பெட்ரோல் டேப் திறந்து, குளிர்ந்த இஞ்சினுக்கு சோக் இழுத்து, ஆக்சிலேட்டரைத் தொடாமல் உதைத்தால் பிடிக்கும். ஸ்பார்க்குக்கு மேக்னட் கரண்டே போதும். பேட்டரி செத்துக் கிடந்தாலும் கவலையில்லை. பழகுபவருக்கு இதைவிடப் பெரிய சௌகரியம் ஒன்றுண்டு: கிளட்சைப் பிடித்துக்கொண்டால் கியரிலேயே உதைக்கலாம். பாதி மேட்டில் நின்றுபோனால் முன் பிரேக்கைப் பிடித்தபடியே மறுபடி கிளப்பிவிடலாம்.

புல்லட்டில் அது நடக்காது. கிக்கரின் விசை கியர்பாக்ஸ், கிளட்ச் வழியாகத்தான் இஞ்சினுக்குப் போகிறது. அதனால் நியூட்ரல் கட்டாயம். நேராக நியூட்ரலுக்குக் கொண்டுபோகும் நியூட்ரல் ஃபைண்டர் லீவரும் முதல் கியரிலிருந்து வேலை செய்யாது. மேட்டில் நாம் இருப்பதோ முதல் கியரில்தான். கிளட்ச் தேய்ந்திருந்தால் கிக்கரே வழுக்கும், இஞ்சின் சுற்றாது. இதைக் கிக்கர் பல் போய்விட்டது என்று தவறாக எண்ணிக் கியர்பாக்ஸைப் பிரிக்கிறவர்கள் உண்டு. முதலில் கிளட்ச் கேபிளுக்குக் கொஞ்சம் தளர்வு இருக்கிறதா என்று பாருங்கள்.

புல்லட்டை உதைக்கும் முறை இது. சாவி போட்டு, ஆம்ப் மீட்டரைப் பார்த்தபடி கிக்கரை மெதுவாக அழுத்துங்கள். பாயின்ட் மூடியிருக்கும்போது முள் டிஸ்சார்ஜ் பக்கம் சாயும். பாயின்ட் திறந்ததும் நடுவுக்கு வரும். கிக்கர் இறுகும் இடத்தில் சிலிண்டர் அழுத்தத்தை வெளியேற்றும் டிகம்ப்ரஷர் லீவரைப் பிடித்து, பிஸ்டன் உச்சியைச் சற்றே தாண்டும்படி இன்னும் கொஞ்சம் அழுத்தி விடுங்கள். கிக்கரை மேலே வரவிட்டு, ஆக்சிலேட்டர் கொடுக்காமல் அடிவரை ஒரே உதை. முள் அசையவே இல்லையென்றால் உதைத்துப் பயனில்லை: பேட்டரி இறங்கியிருக்கும், அல்லது பாயின்ட் முகத்தில் உப்புக்காற்றின் படலம் படிந்திருக்கும். தேவனாம்பட்டினம் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் ஒரு வாரம் நிறுத்தினாலே அது வரும். மெல்லிய எமரியால் லேசாக உரசி, சுத்தமான தாளை இடையில் விட்டு இழுத்தால் போய்விடும்.

பாயின்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. பாயின்ட்டின் குதிகால் தேயத் தேய இடைவெளி குறையும், ஸ்பார்க் டைமிங் பின்தங்கும். உதைக்க லேசாக இருக்கும், ஆனால் இழுவை இராது, இஞ்சின் சுடும். வேகத்துக்கேற்ப ஸ்பார்க்கை முன்தள்ளும் அட்வான்ஸ் யூனிட்டின் எடைக்கட்டைகள் துருவேறி விரிந்த நிலையிலேயே மாட்டிக்கொண்டால் தலைகீழ்: கிக்கர் திருப்பி அடிக்கும். இதற்காகத்தான் செருப்புக் காலோடு புல்லட்டை உதைக்கக் கூடாது என்பது. எடைக்கட்டைகள் சுருங்கிய நிலையில், பிஸ்டன் உச்சிக்கு 0.8 மி.மீ. முன்னால் பாயின்ட் திறக்க வேண்டும். டேப்பட்டின் (வால்வுத் தளர்வு) அளவுக்கு ஃபீலர் கேஜே தேவையில்லை. குளிர்ந்த இஞ்சினில் வால்வைத் தள்ளும் புஷ்ராட் விரலால் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது.

இரண்டு மூன்று வாரம் நிறுத்திய புல்லட்டில் டிப்ஸ்டிக் ஆயில் குறைவாகக் காட்டினால் உடனே ஊற்றாதீர்கள். ஆயில் எங்கும் போகவில்லை, பம்ப் வழியாக இஞ்சினின் அடிப்பெட்டியான கிராங்க் கேஸுக்குள் இறங்கியிருக்கிறது. அப்படியே கிளப்பினால் தெருவே புகையாகும். கிராங்க் கேஸ் ட்ரெயின் நட்டைக் கழற்றி வடித்து, அந்த ஆயிலைச் சுத்தமான துணியில் வடிகட்டித் திரும்ப ஊற்றலாம். அடிக்கடி இறங்கினால் ஃபீட் பம்ப் டிஸ்க்கை மெல்லிய கிரைண்டிங் பேஸ்டில் உரசி உட்கார வைக்க வேண்டும்.

ஆர்எக்ஸில் இந்தச் சில்லறை வேலைகள் குறைவு. டேப்பை மூட மறந்து, கார்புரேட்டரின் ஃப்ளோட் ஊசியும் தேய்ந்திருந்தால் பெட்ரோல் கிராங்க் கேஸுக்குள் இறங்கிவிடும். டேப்பை மூடி, பிளக்கைக் கழற்றி, முழு ஆக்சிலேட்டரில் பத்துத் தடவை உதைத்துக் காயவிட்டுப் பிளக்கைத் துடைத்து மாட்டினால் சரி. பெட்ரோலோடு சேர்ந்து எரியும் 2டி ஆயிலின் டேங்க் ஒருமுறை காலியானால் பம்பில் ஏர் லாக் ஆகும். பிளீட் ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழி நின்ற பிறகுதான் ஓட்ட வேண்டும். பம்பைக் கழற்றிவிட்ட வண்டி என்றால் பெட்ரோல் லிட்டருக்கு 25 மி.லி. ஆயில் கலக்கலாம். மெதுவாகவே ஓட்டிப் பழகும் வண்டியில் சைலன்ஸர் பேஃபிள் சீக்கிரம் கரி அடையும், கழற்றிச் சுரண்ட வேண்டும்.

பெரிய தொல்லை உள்ளே இருக்கிறது. டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் கேஸும் காற்றுப் புகாமல் இருக்க வேண்டும். மேக்னட் பக்கத்து ஆயில் சீல் தேய்ந்தால் வெளிக்காற்று புகும். ஐடிலிங் தானாக ஏறும், பிஸ்டன் பிடிக்கும் அபாயம். கிளட்ச் பக்கத்து சீல் போனால் கியர் ஆயில் எரிந்து வெள்ளைப் புகை ஓயாமல் வரும், வெளியே சொட்டாமலே ஆயில் குறையும். புல்லட்டின் கோளாறு பெரும்பாலும் ஸ்பேனருக்கு எட்டும் இடத்தில் இருக்கும். ஆர்எக்ஸில் அது அரிதாக வரும். வந்தால் திண்ணையில் முடிகிற வேலை இல்லை.

எல்லை தாண்டிப் புதுச்சேரியில் விலை குறைவு என்று டேங்கை நிரப்பி வண்டியை மாதக்கணக்கில் நிறுத்துவது இரண்டுக்குமே ஆகாது. எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுத்து டேங்கின் அடியில் தண்ணீராகப் பிரியும். கார்புரேட்டர் பௌலில் மிச்சமிருப்பது காய்ந்து பைலட் ஜெட்டை அடைக்கும். டேப்பை மூடி, பௌல் ஸ்க்ரூவைத் திறந்து வடித்துவிட்டு நிறுத்துங்கள்.

மேடு ஏறிப் பழகத்தான் வண்டி என்றால் எங்கள் கை ஆர்எக்ஸ் பக்கம். ஞாயிற்றுக்கிழமை ஸ்பேனர் பிடிப்பதிலும் ருசி இருந்தால் புல்லட். ஆர்எக்ஸ் வாங்கப் போகிறவர்கள் பத்து நிமிடம் ஓட்டிச் சுட வைத்து, ஆக்சிலேட்டரைத் திருகிவிட்டுப் பார்க்க வேண்டும். சத்தம் உடனே இறங்காமல் உயரத்திலேயே தொங்கினால், சீல் மாற்றும் செலவை விலையில் கழித்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்க வேண்டும்.